ஆளை மாற்றும் முன், வீட்டை முழுதாக ஒருவர் பார்க்கட்டும்

கேள்வி:

எனக்கு வயது 51. வேலைக்குப் போகிறேன். அப்பாவுக்கு 82. அவருடைய அக்கா, அதாவது என் அத்தைக்கு 85. திருமணம் ஆகாதவர், அப்பாவோடுதான் இருக்கிறார். நான் இருப்பது அங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில். அப்பாவுக்கு பிபியும் சர்க்கரையும் உண்டு. கால் வேறு வீங்குகிறது. ராத்திரி நான்கைந்து முறை எழுந்திருப்பார். அப்படிப் போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார். அத்தைக்குக் காது மந்தம், மறதியும் வந்துவிட்டது. ஹோம் நர்ஸ் பணத்தை எடுத்துவிட்டாள் என்று சொல்கிறார். ஒரு வருடத்தில் நான்கு பேரை மாற்றிவிட்டோம். ராத்திரி தூக்கமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தம்பி வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். அண்ணன், இருவரையும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். பராமரிப்பை நிர்வகிப்பதற்கென்றே கேர் மேனேஜர்கள் இருப்பதாக ஒரு தோழி சொன்னாள். எங்களுக்கு அது தேவையா? அப்பா, வெளியாள் எதற்கு என்கிறார். பெற்றவரைப் பார்க்க ஆள் வைப்பது கடமையைத் தட்டிக் கழிப்பதாகிவிடாதா? மாத்திரைப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

நான்கு பேர் ஏன் போனார்கள் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர்களால் தூங்க முடியவில்லை. அப்பா எழுந்துகொண்டே இருக்கிறார். அவர் ஏன் அத்தனை முறை எழுந்திருக்கிறார் என்ற கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் பொறுப்பு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் மருத்துவர் இல்லை. முதியவர்களுள்ள குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர். ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கண்ணில் பட்டது. பிபிக்காக அப்பா ஆம்லோடிபைன் எடுக்கிறார். கணுக்கால் வீக்கம் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்துக்காக இன்னொரு மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதியிருக்கிறார். அதை அப்பா சாயங்காலம் எடுக்கிறார். ராத்திரி எழுந்திருப்பதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை இருக்கலாம், புராஸ்டேட் இருக்கலாம். ஆனால் சாயங்காலம் எடுத்த நீர் மாத்திரை ராத்திரி எழுப்பத்தானே செய்யும்? தூக்கம் கெடுகிறது என்று மூன்றாவது மருத்துவர் லோராசெபம் கொடுத்திருக்கிறார். தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு அரையிருட்டில் அவசரமாக எழுந்து நடந்தால் 82 வயதில் என்ன நடக்குமோ, அதுதான் இரண்டு முறை நடந்திருக்கிறது.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று சங்கிலியாக நீளும் இந்த வழக்கத்தை பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதி எச்சரித்திருக்கிறார்கள். ஆம்லோடிபைன் தரும் வீக்கம் பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் திசுக்களுக்குள் இறங்குவதால் வருவது. அதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவுவதும் இல்லை. முதியவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் பட்டியலாகத் தொகுத்தார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. 2023-ல் வந்த பதிப்பிலும் லோராசெபம் வகை மாத்திரைகள் இருக்கின்றன.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லோராசெபம் வகையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நீர் மாத்திரை இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ கொடுக்கப்பட்டிருக்கவும் கூடும். மூன்று மருத்துவரும் எழுதியதை மொத்தமாக ஒரே மருத்துவரிடம், முடிந்தால் முதியோர் மருத்துவரிடம் காட்டி, "வீக்கம் பிபி மாத்திரையால் வந்திருக்கலாமா? நீர் மாத்திரை அவசியமா? அவசியமென்றால் காலையில் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த வாரமே செய்யுங்கள். கேர் மேனேஜர் வரும்வரை இது காத்திருக்க வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. ஆம், உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் தேவை. ஹோம் நர்ஸ் குளிப்பாட்டுவார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார், கூட நடப்பார். மருத்துவர் தன் அறைக்கு வந்தவரின் நோயைப் பார்ப்பார். மாத்திரையையும் ராத்திரி நடையையும் ஹோம் நர்ஸ் விலகுவதையும் அத்தையின் சந்தேகத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டிய வேலை யாருடையதும் இல்லாமல் கிடக்கிறது. அதை நீங்கள் மூன்று மணி நேரத்துக்கு அப்பாலிருந்து, ஆபீஸ் இடைவேளையில், போனில் செய்துகொண்டிருக்கிறீர்கள். கேர் மேனேஜர் அல்லது பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லப்படுபவரின் தொழிலே அதுதான். பெரும்பாலும் சமூகப் பணி, செவிலியம், பிசியோதெரபி போன்ற படிப்பிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்கள் 1985-லேயே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். எல்லா ஊரிலும் இந்தப் பெயரில் ஆள் கிடைப்பதில்லை. ஆனால் வேலை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

மாதச் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு முழு மதிப்பீடு மட்டும் கேளுங்கள். ஒரு தடவைக் கட்டணம், கையில் எழுத்து வடிவில் ஓர் அறிக்கை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைத் தொடர்வதா என்று முடிவு செய்யலாம்.

நல்ல மதிப்பீடு எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் யார் வேலை தெரிந்தவர் என்று உங்களுக்கே புரியும். தெரிந்தவர் ஹாலில் உட்கார்ந்தபடி படிவம் நிரப்பிவிட்டுப் போக மாட்டார். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பார். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். விநாடியைவிட அவர் எழுந்த விதத்தைத்தான் கூர்ந்து பார்ப்பார். கையை ஊன்றித்தான் எழ முடிகிறதா, திரும்பும்போது சுவரைத் தேடுகிறாரா என்று. படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பிபி பார்க்கச் சொல்வார். நின்றதும் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் தலைசுற்றி விழுவதற்கு அதுவே ஒரு காரணம். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தானே நடந்து பார்ப்பார். விளக்கு சுவிட்ச் படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா, பிடித்துக்கொள்ள எது இருக்கிறது, அப்பா எந்தச் செருப்பில் நடக்கிறார் என்று கவனிப்பார். அலமாரியில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பழசையும் சேர்த்து, மேசையில் கொட்டச் சொல்வார். இரண்டு பெயரில் ஒரே மருந்து இருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

யாரால் எதைத் தானாகச் செய்ய முடிகிறது என்று கணக்கெடுக்கப் பழைய, நம்பகமான அளவுகோல்கள் இருக்கின்றன. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலஜலத்தை அடக்குவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறு விஷயங்களை சிட்னி கேட்ஸ் 1963-ல் வகுத்தார். 1969-ல் லாட்டனும் பிரோடியும் போன் பேசுவது, மருந்தைச் சரியாக எடுப்பது, பணத்தைக் கையாள்வது போன்றவற்றைச் சேர்த்து இன்னொரு அளவுகோல் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது வகைதான் பெரும்பாலும் முதலில் சறுக்கும். அப்பா தானாகக் குளிக்கிறார், சாப்பிடுகிறார், ஆகவே நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும்போது, மாத்திரை டப்பாவும் பாஸ்புக்கும் வேறு கதை சொல்லும்.

அத்தை விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். பணத்தை எடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு மறதி நோயின் தொடக்கத்தில் அடிக்கடி வருவது. வைத்த இடம் மறந்துபோகிறது, மறந்ததும் மறந்துபோகிறது, பொருள் மட்டும் காணவில்லை. அப்போது யாரோ எடுத்தார்கள் என்றுதான் மனது முடிவு கட்டும். ஆனால் அதற்குள் டிமென்ஷியா என்று முடிவு செய்யாதீர்கள். காது சரியாகக் கேட்காதவர், கேட்காததை மறந்ததுபோல நடந்துகொள்வார். பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு மூன்றும் மறதிபோலக் காட்டும், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. அதனால் முதலில் காதுப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு நினைவாற்றல் பரிசோதனை.

இன்னொன்று. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். முதியவர்களின் பணம் களவு போவது நடக்காத விஷயம் இல்லை. "உனக்கு மறதி" என்று அத்தையின் வாயை அடைப்பதும் தப்பு, விசாரிக்காமல் ஒரு பெண்ணைத் திருடி என்பதும் தப்பு. வீட்டில் சிறு தொகை மட்டும் வையுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் இருவர் கையெழுத்தோடு எழுதுங்கள். அத்தை மறுபடி சொல்லும்போது வாதாட வேண்டாம். "காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று எழுந்துவிடுங்கள். தேடும்போதே பாதி பதற்றம் அடங்கிவிடும்.

ஆனால் மறதியோ குழப்பமோ ஒரே நாளில், ஓரிரு மணி நேரத்தில் திடீரென வந்தால், அது அத்தைக்கானாலும் அப்பாவுக்கானாலும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றுவது, புது மருந்து, பக்கவாதம் என எதுவும் பின்னால் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதியோர் மருத்துவப் பிரிவுள்ள மருத்துவமனையில் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். நினைவாற்றல் கிளினிக்கிலும் பிசியோதெரபிஸ்டிடமும் விசாரியுங்கள். பேசும்போது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு வேறு யாராவது பணம் தருகிறார்களா?" ஹோம் நர்ஸ் ஏஜென்சியோ முதியோர் இல்லமோ லேபோ அவருக்குக் கமிஷன் கொடுத்தால், அவர் சொல்லும் ஆலோசனை உங்களுக்கானதா அவர்களுக்கானதா என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. இந்தக் கேள்விக்குச் சங்கடப்படாமல் நேராகப் பதில் சொல்பவரோடு மேற்கொண்டு பேசுங்கள். ஏஜென்சியே கேர் மேனேஜரையும் அனுப்பினால் அது கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் யாருடைய ஆள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அப்புறம், எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறார், ராத்திரி அழைத்தால் யார் எடுப்பார், அவர் லீவில் போனால் யார், மருத்துவரைப் பார்க்கக் கூடவே வருவாரா, அறிக்கையை நீங்கள் வேறு ஒருவரிடம் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். வீட்டைப் பார்க்காமலே பேக்கேஜ் விலை சொல்பவர் வேண்டாம். வங்கிக் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ ரகசிய எண்ணையோ எவரிடமும், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், கொடுக்க வேண்டாம்.

அப்படி யாரும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஒரு நல்ல மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம். நோட்டின் முதல் பக்கத்தில் மருந்து, அளவு, நேரம், யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று எழுதுங்கள். "எதற்காக" என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாத மருந்தைப் பற்றித்தான் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அப்பாவின் எதிர்ப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் மனதில் நின்றது: அத்தை திருமணம் ஆகாதவர், அப்பாவோடுதான் இருக்கிறார் என்பது. நீங்கள் இருவரையும் பராமரிப்பு தேவைப்படுபவர்களாகப் பார்க்கிறீர்கள். அப்பா தன்னை அக்காவைப் பார்த்துக்கொள்பவராகப் பார்க்கலாம். வெளியாள் வந்து மதிப்பிட்டால் இருவரையும் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கக்கூடும். அண்ணனின் முதியோர் இல்லப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தால் அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் "உங்களைப் பார்க்க ஆள் வருகிறார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அப்பா, என்னால தனியா சமாளிக்க முடியல. எனக்குத்தான் உதவி வேணும். ஒருத்தர் வந்து பேசட்டும், நீங்களும் கேளுங்க. அத்தையையும் உங்களையும் பிரிக்கறதுக்கு இல்ல" என்று சொல்லுங்கள். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதனால்தான் இது வேலை செய்யும். நண்பர் என்றோ இன்சூரன்ஸ்காரர் என்றோ பொய் சொல்லி அழைத்துவராதீர்கள். தெரிந்துபோனால் அதன்பின் வீட்டுக்குள் யாரையும் விட மாட்டார். எந்த நாள், எந்த நேரம், எந்த அறைக்குள் வரக் கூடாது என்பதை அவரே சொல்லட்டும். யோசித்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்வரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இந்த முறை மறுத்தால் விட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

அண்ணனும் தம்பியும் ஒரே அறிக்கையைப் படிக்கட்டும். யார் சொல்வது சரி என்று இப்போது நடக்கும் சண்டை, அறிக்கை வந்தபின் எதை யார் செய்வது என்ற பேச்சாக மாற வாய்ப்பு உண்டு. அந்தப் பேச்சை மதிப்பீடு செய்தவரே வீடியோ காலில் நடத்திக் கொடுத்தால் இன்னும் நல்லது. முதியோர் இல்லம் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பராமரிப்பு தேவைப்பட்டு, வீட்டில் அதற்கு வழியே இல்லையென்றால், நல்ல இல்லம் வீட்டைவிடப் பாதுகாப்பானதாக இருக்கும். ஆனால் மாத்திரையையே இன்னும் சரிபார்க்காத நிலையில் அந்த முடிவு அவசரம். அப்பா தெளிவாக இருக்கும் இந்தக் காலத்திலேயே, பின்னால் அவரால் சொல்ல முடியாமல் போனால் சிகிச்சையைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்லவைத்து, வக்கீல் மூலம் எழுதி வையுங்கள். அத்தைக்கும் தனியாக வேண்டும். பிள்ளைகள் இல்லாதவருக்குத்தான் இது இன்னும் அவசியம்.

கடமையைத் தட்டிக் கழிப்பதாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. மாத்திரைச் சங்கிலியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும். அது தெரியாதது உங்கள் அன்பின் குறை இல்லை. மறதி நோயுள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் பாரத்தைப் பற்றி ஸ்டீவன் சாரிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1980-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் இன்றுவரை பேசப்படுகிறது. நோயாளியின் மறதியும் நடத்தையும் எவ்வளவு மோசம் என்பதற்கும் பார்த்துக்கொள்பவர் உணரும் பாரத்துக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து பார்க்கிறார்கள் என்பதோடு தொடர்பு இருந்தது. அடிக்கடி வந்தால் பாரம் குறைந்தது. இதை அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்படியே படித்துக் காட்டுங்கள். பணம் அனுப்புவது பெரிய உதவி. அதோடு தம்பி வருடத்தில் தன் விடுமுறையின் ஒரு பகுதியை அப்பாவோடு கழிக்கட்டும். அண்ணன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறை எடுத்துக்கொள்ளட்டும். அந்த நாட்களில் நீங்கள் போன்கூடச் செய்யாமல் ஓய்வெடுங்கள்.

கடைசியாக, ஐந்தாவதாக வரப்போகும் ஹோம் நர்ஸ். பகலும் இரவும் ஒருவரே பார்ப்பது என்பது எந்த மனிதராலும் முடியாத ஏற்பாடு. முன்னால் வந்த நால்வரும் அதைத்தான் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். மருந்து நேரம் மாறி, அப்பா ராத்திரி ஓரிரு முறை மட்டுமே எழுந்திருக்கும் நிலை வந்தால் ஒருவர் போதலாம். அதுவரை இரவுக்குத் தனி ஆள் வேண்டும், அல்லது உங்களில் ஒருவர் முறை வைத்துப் படுக்க வேண்டும். அப்பா எத்தனை முறை எழுவார், அத்தை பணத்தைப் பற்றி என்ன சொல்வார் என்பதை வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வார விடுமுறை எந்த நாள், அன்றைக்கு யார் வருவார் என்பதை எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு ராத்திரி நீங்கள் அங்கே தங்க முடியுமானால் தங்கி, அப்பா எழும் நேரத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரும் கேர் மேனேஜரும் முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.